எந்த மரபணுப் பரிசோதனைக்கு முதல் இடம்? மதிப்பிட்டு வரிசைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மரபணுப் பரிசோதனைகளுக்குப் பஞ்சமே இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, புதிதாகவும் வந்துகொண்டே இருக்கின்றன. மருத்துவமனையின் பரிசோதனைக் குழுவில் இருப்பவருக்கோ, ஒரு சுகாதாரத் திட்டத்தில் எதையெல்லாம் சேர்ப்பது என்று முடிவெடுப்பவருக்கோ இருக்கும் சிக்கல் வேறு. மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ‘துல்லியம் 99 சதவீதம்’ என்று எழுதியிருக்கும். எல்லாமே நல்லதாகத் தெரியும். பணம், ஆள், நேரம் மூன்றும் மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது.

இந்த வழிகாட்டி அப்படி முடிவெடுக்க வேண்டியவர்களுக்கானது. தனக்கு ஒரு டெஸ்ட் எடுக்கலாமா என்று யோசிப்பவருக்கும் முதல் ஐந்து படிகள் உதவும்.

இந்தத் துறையில் பெரும்பாலான மதிப்பீடுகளுக்கு அடித்தளம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆதரவில் 2000-களின் தொடக்கத்தில் உருவான ஏசிசிஇ முறை. லேப் சரியாகப் படிக்கிறதா, படித்தது நோயோடு பொருந்துகிறதா, தெரிந்துகொள்வதால் நோயாளிக்கு நன்மை உண்டா, நெறி, சட்டம், சமூகம் சார்ந்த சிக்கல்கள் என்ன என்ற நான்கு தலைப்புகளில் 44 கேள்விகள் அதில் உண்டு. இங்கேயும் அதே கேள்விகள்தான், வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறேன். லேபிலிருந்து தொடங்கினால், கட்டுக்கட்டாக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து முடித்த பிறகுதான் ‘சரி, ரிசல்ட் தெரிந்து என்ன பண்ணப் போகிறோம்?’ என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை இரண்டாம் படியிலேயே கேட்டுவிட்டால் பல விண்ணப்பங்கள் அங்கேயே நின்றுவிடும்.

படி 1: டெஸ்டின் பெயரை விட்டுவிட்டு, கேள்வியை எழுதுங்கள்

‘பிஆர்சிஏ டெஸ்டைச் சேர்க்கலாமா?’ மார்பு, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களைப் பார்க்கும் டெஸ்ட் இது. ஆனால் இந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. சினைப்பைப் புற்றுநோய் உள்ள பெண்ணுக்கு அந்த டெஸ்ட், பார்ப் தடுப்பான் வகை மருந்து பலன் தருமா என்று முடிவெடுக்க உதவும். அவருடைய ஆரோக்கியமான தங்கைக்கு, அக்காவிடம் கண்டுபிடித்த திரிபு (மரபணுவில் உள்ள மாற்றம்) தனக்கும் இருக்கிறதா என்று சொல்லும். குடும்பத்தில் யாருக்குமே புற்றுநோய் வராத ஒருவருக்கு அது எவ்வளவு உதவும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம். மெஷின் ஒன்றுதான், ஆனால் விண்ணப்பங்கள் மூன்று. தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

ஆகவே கேள்வியில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும். யாருக்கு? எந்த நோய்க்காக அல்லது எந்த மருந்துக்காக? எந்தத் திரிபுகளை, எந்த முறையில் தேடுகிறோம்? எதற்காக? இப்போது அதற்குப் பதிலாக என்ன செய்துகொண்டிருக்கிறோம்? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒப்பிட எதுவுமே இல்லாவிட்டால் எந்த டெஸ்டும் நல்ல டெஸ்ட்தான்.

சரியாக எழுதிய கேள்வி இப்படி இருக்கும்: ‘எச்ஐவி சிகிச்சையில் அபாகாவிர் தொடங்கவிருக்கும் நோயாளிகளுக்கு, முன்கூட்டியே எச்எல்ஏ-பி*57:01 என்ற மரபணுத் திரிபு இருக்கிறதா என்று பார்ப்பது, பார்க்காமலே மருந்தைக் கொடுத்து ஒவ்வாமை வந்தால் நிறுத்துவதை விடப் பாதுகாப்பானதா?’ இந்த அளவுக்கு இறுக்கமாக எழுதிவிட்டால் எந்த ஆய்வைத் தேட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

எதற்காக என்பதைப் பொறுத்து, எவ்வளவு ஆதாரம் கேட்க வேண்டும் என்பதும் மாறும். நோயோடு வந்து நிற்பவருக்குக் காரணம் தேடுவது ஒன்று. நோயே இல்லாமல் வீட்டில் இருப்பவரை அழைத்துச் சோதிப்பது வேறு. அவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. இந்த இரண்டாம் வகைக்கு, வில்சனும் யுங்னரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய பத்து நெறிகள் இன்றும் நல்ல தொடக்கம். கண்டுபிடித்தவர்களுக்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அதைக் கொடுக்க வசதியும் இருக்க வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம்.

படி 2: ரிசல்ட் வந்த பிறகு என்ன செய்வீர்கள்?

ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: பாசிட்டிவ், நெகட்டிவ், பொருள் தெரியாத திரிபு. ஒவ்வொன்றிலும் டாக்டர் அடுத்து என்ன செய்வார் என்று எழுதுங்கள். ‘கவனமாக இருப்போம்’ என்பதெல்லாம் கணக்கில் வராது. எந்த மருந்து மாறும், எந்த ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த அறுவை தவிர்க்கப்படும், யாரை அழைத்துச் சோதிப்பீர்கள் என்று இருக்க வேண்டும். மூன்று கட்டங்களிலும் ஒரே பதில் வந்தால் விண்ணப்பத்தை மூடிவைத்துவிடலாம்.

காரணம் எதுவும் தெரியாமல் காலில் ரத்தம் உறைந்து வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு, ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் ஃபேக்டர் 5 லைடன் என்ற திரிபு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். பாசிட்டிவ் வந்தால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தொடர்வார்கள். நெகட்டிவ் வந்தாலும் அதே மருந்தைத்தான் தொடர்வார்கள், ஏனென்றால் காரணமில்லாமல் உறைந்தது என்பதே மறுபடி உறையும் அபாயத்தைச் சொல்லிவிடுகிறது. ஈகாப் என்ற அமெரிக்க மதிப்பீட்டுக் குழு 2011-இல், இப்படிப்பட்டவர்களுக்கு இந்த டெஸ்டை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று பரிந்துரைத்தது. திரிபு உண்மையானது, லேபும் அதைத் துல்லியமாகப் படிக்கும், நோயோடு தொடர்பும் உண்டு. ஆனாலும் சிகிச்சையில் மாற்றமில்லை. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவைப் பார்க்கும் டெஸ்டின் கதை இன்னும் மோசம். ரத்தம் உறைதலுக்கோ தொடர் கருச்சிதைவுக்கோ காரணம் தேடும்போது அதைக் கேட்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-இலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அதை எழுதிக்கொடுப்பது நிற்கவில்லை.

மறுபக்கம், ஃப்ளூரோயுராசில் அல்லது கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தைத் தொடங்கும் முன் பார்க்கும் டிபிஒய்டி டெஸ்ட். அந்த மருந்தை உடலில் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவருக்கு வழக்கமான டோஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். பாசிட்டிவ் என்றால் டோஸைக் குறைப்பார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள். நெகட்டிவ் என்றால் வழக்கமான டோஸ், வழக்கமான கண்காணிப்பு. இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல், சிகிச்சைக்கு முன் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கச் சொன்னது.

அப்போது, சிகிச்சையே இல்லாத அரிய நோயுள்ள குழந்தைக்குக் காரணம் கண்டுபிடிப்பது வீணா? இல்லை. ஆனால் அங்கேயும் கட்டங்களை நிரப்ப முடியும். எந்தெந்தச் சோதனைகளை இனிச் செய்ய வேண்டியதில்லை, எந்த உறுப்பைக் கண்காணிக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பெற்றோருக்குச் சொல்ல முடியுமா என்பவை எல்லாம் செயல்கள்தான். ‘தெரிந்துகொள்வதே நல்லது’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: லேப் எதை விட்டுவிடும் என்று கேளுங்கள்

எதைக் கண்டுபிடிக்கும் என்று லேபே சொல்லிவிடும். எதை விடும் என்று நாம்தான் கேட்க வேண்டும். மரபணுவில் பெரிய துண்டு விடுபட்டிருந்தாலோ இரட்டித்திருந்தாலோ பிடிக்குமா? ஹன்டிங்டன், ஃப்ராஜைல் எக்ஸ் போன்ற நோய்களில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வந்து நீண்டுவிடுவதுதான் கோளாறு. பல மரபணுக்களை ஒரே டெஸ்டில் பார்க்கும் வழக்கமான பேனல் அதைத் தவறவிடக்கூடும். பிஎம்எஸ்2, எஸ்எம்என்1 போன்ற மரபணுக்களுக்கு அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் நகல்கள் இருக்கின்றன. அங்கே குழப்பமில்லாமல் படிக்கத் தனி ஏற்பாடு உண்டா? நூறு மாதிரி அனுப்பினால் எத்தனை ‘ரிசல்ட் இல்லை’ என்று திரும்பி வரும்? மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தர அங்கீகாரமும், வெளித் தரச் சோதனையில் வாங்கிய மதிப்பெண்ணும் இருக்கிறதா?

முறைக்கும் தேடும் திரிபுக்கும் பொருத்தம் வேண்டும். முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இடங்களை மட்டும் பார்க்கும் மலிவான சிப் முறை, மக்களிடம் பரவலாக உள்ள திரிபுகளை நன்றாகப் படிக்கும். அரியவற்றில் தடுமாறும். பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய மரபணு, உடல்நலத் தரவுத்தொகுப்பை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிஆர்சிஏ மரபணுக்களில் சிப் காட்டிய நோய்தரும் அரிய திரிபுகளில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங்கில் உறுதியானவை 4.2 சதவீதம்தான். யாராவது தன் மரபணுக் கோப்பை இணையத்தில் டவுன்லோடு செய்து கொண்டுவந்து காட்டினால், நல்ல லேபில் உறுதிப்படுத்தாமல் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

படி 4: நோயோடு உள்ள தொடர்பை மூன்று அடுக்காகப் பாருங்கள்

முதல் அடுக்கு, இந்த மரபணு கோளாறானால் இந்த நோய் வரும் என்பது உறுதியா? கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், பேனல்களில் இடம்பிடித்திருக்கும் பல மரபணுக்களுக்கு ஆதாரம் மெலிது. க்ளின்ஜென் என்ற சர்வதேசக் கூட்டுமுயற்சி மரபணு-நோய் இணைகளை ‘உறுதி’ தொடங்கி ‘மறுக்கப்பட்டது’ வரை தரம் பிரித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் உள்ள பேனலை அதோடு ஒப்பிட்டாலே போதும், எத்தனை மரபணுக்கள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டச் சேர்க்கப்பட்டவை என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, கண்டுபிடித்த திரிபு உண்மையிலேயே கோளாறு தருவதா? 2015 முதல் உலகின் பெரும்பாலான லேப்கள் ஐந்து வகையாகப் பிரிக்கும் முறையைப் பின்பற்றுகின்றன: நோய்தருவது, அநேகமாக நோய்தருவது, பொருள் தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் உள்ள ‘பொருள் தெரியாதது’ வந்தால் அதை வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது என்பது விதி. நடைமுறையில், பயந்துபோன நோயாளியும் அவசரப்பட்ட டாக்டரும் சேர்ந்து எடுத்துவிடுகிறார்கள். பேனல் பெரிதாகப் பெரிதாக இந்த வகை ரிசல்ட் கூடும். வலையை அகலமாக வீசினால் மீனோடு பாசியும் சேர்ந்துதான் வரும். இந்த ரிசல்ட் எத்தனை சதவீதம் வரும் என்பதை விண்ணப்பிப்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

இங்கே வம்சாவளிக்கும் பங்குண்டு. இதயத் தசை தடிக்கும் நோய் தொடர்பாக 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நோய்தருவதாக முன்பு அறிவித்த சில திரிபுகள் கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகவே காணப்படுபவை என்று காட்டியது. ஒப்பீட்டுக் குழுவில் அவர்களை ஓரளவு சேர்த்திருந்தாலே அந்தத் தவறு நடந்திருக்காது. நீங்கள் சோதிக்கப்போகும் மக்கள், ஆதாரத் தரவில் இருக்கும் மக்களா? இல்லையென்றால் பொருள் தெரியாத ரிசல்ட்டும் தவறான ரிசல்ட்டும் கூடும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, திரிபு உள்ளவர்களில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது? நோய் நிறைந்த குடும்பங்களை மட்டும் பார்த்து எடுத்த எண், பொதுமக்களைப் பார்த்து எடுத்த எண்ணைவிட எப்போதும் பயங்கரமாகத்தான் இருக்கும். உடலில் இரும்பு சேரும் நோய்க்கான எச்எஃப்இ மரபணுவில் முக்கியத் திரிபின் இரண்டு பிரதிகள் உள்ளவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே வெளிப்படையான நோய் வருகிறது என்று, 41,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2002-இல் சொன்னது. பின்னால் வந்த பிரிட்டன் பயோபேங்க் தரவு, ஆண்களிடம் பாதிப்பு அதைவிடக் கணிசமாக அதிகம் என்று காட்டியது. எண்ணைக் கேட்டால் மட்டும் போதாது, யாரிடமிருந்து எடுத்த எண் என்றும் கேட்க வேண்டும்.

இனி அந்த ‘99 சதவீதத்துக்கு’ வருவோம். நோய் உள்ள நூறு பேரில் 99 பேரைப் பிடிக்கும், இல்லாத ஆயிரம் பேரில் 999 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று வையுங்கள். அருமையான டெஸ்ட். நோய் நூற்றில் ஒருவருக்கு உள்ள கூட்டத்தில் ஒரு லட்சம் பேரைச் சோதித்தால், நோயுள்ள 1,000 பேரில் 990 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 99,000 பேரில் 99 பேர் தவறாகப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு உண்மையிலேயே நோய். அதே டெஸ்டை, பத்தாயிரத்தில் ஒருவருக்கு நோய் உள்ள கூட்டத்தில் செய்யுங்கள். நோயுள்ள 10 பேரும் பாசிட்டிவ், கூடவே நோயில்லாத 100 பேரும் பாசிட்டிவ். இப்போது உண்மை 9 சதவீதம்தான். டெஸ்டில் எதுவும் மாறவில்லை, யாருக்குச் செய்தோம் என்பதுதான் மாறியது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் சோதனை டவுன் நோய்க்குறிக்கு நன்றாக வேலை செய்து, மிக அரிய குறைபாடுகளுக்கு விரிக்கும்போது தடுமாறுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இந்தக் கணக்கை உங்கள் மக்கள்தொகையின் எண்களோடு ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 5: நன்மைக்கு என்ன ஆதாரம்?

அபாகாவிர் விஷயத்தில் ஆதாரம் கிட்டத்தட்ட பாடப்புத்தகம் மாதிரி. 2008-இல் வெளியான பிரெடிக்ட்-1 ஆய்வில் 1,956 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். முன்கூட்டியே டெஸ்ட் செய்த பக்கத்தில், தோல் ஒட்டுச் சோதனையில் உறுதியான ஒவ்வாமை ஒன்றுகூட இல்லை. செய்யாத பக்கத்தில் 2.7 சதவீதம். இத்தனைக்கும் இந்தத் திரிபு உள்ள எல்லாருக்கும் ஒவ்வாமை வராது, ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் வரும். ஆனால் மாற்று மருந்து தாராளமாக இருப்பதால், தேவையில்லாமல் மருந்தை மாற்றிக்கொண்டவருக்குப் பெரிய நட்டமில்லை. மாற்று இல்லாத மருந்தாக இருந்திருந்தால் இதே எண்களை வேறு மாதிரி எடைபோட வேண்டியிருக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் கதை இதற்கு நேர் எதிர். மரபணுவைப் பார்த்து ஆரம்ப டோஸைத் தீர்மானித்தால் நல்லதா என்று கேட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் 2013-இல் ஒரே நேரத்தில் வந்தன. ஐரோப்பிய ஆய்வு பலன் உண்டு என்றது, அமெரிக்க ஆய்வு இல்லை என்றது. ஏன்? ஐரோப்பிய ஆய்வில் ஒப்பீடு, வழக்கமான நிலையான டோஸோடு. அமெரிக்க ஆய்வில் ஒப்பீடு, வயது, எடை போன்றவற்றை வைத்துக் கணக்கிட்ட டோஸோடு. இலவசமாகச் செய்யக்கூடிய அந்தக் கணக்கே வேலையை முடித்துவிட்டால் மரபணுவுக்கு மிச்சம் என்ன இருக்கும்? இன்னொன்று, அமெரிக்க ஆய்வில் கறுப்பின நோயாளிகளுக்கு மரபணு வழி டோஸ் இன்னும் மோசமாக வேலை செய்தது. சோதித்த திரிபுகள் முக்கியமாக ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துத் தேர்ந்தெடுத்தவை. படி 1-இன் ஐந்தாவது கேள்வியும் படி 4-இன் வம்சாவளிக் கேள்வியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட ஆய்வு கிடைக்காது, கேட்பதும் நியாயமில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மருந்தால் தோல் உரியும் கொடிய ஒவ்வாமைக்கும் எச்எல்ஏ-பி*15:02-க்கும் உள்ள தொடர்பைத் தைவானில் சோதித்தபோது, பாதிப் பேரைத் தெரிந்தே ஆபத்தில் விட முடியாது என்பதால் 4,877 பேருக்கும் டெஸ்ட் செய்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு அந்த மருந்தைத் தவிர்த்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டிய ஒவ்வாமை ஒருவருக்கும் வரவில்லை. 2011-இல் வெளியான இந்த ஆய்வை நான் தயங்காமல் ஏற்பேன்: விளைவு கொடியது, வித்தியாசம் பெரியது, காரணமும் புரிகிறது. வித்தியாசம் சிறியதாக இருந்திருந்தால் இதே வடிவ ஆய்வை ஏற்கமாட்டேன்.

நன்மையைக் கணக்கிடும்போது உறவினர்களை விட்டுவிடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் லிஞ்ச் நோய்க்குறி (பெருங்குடல் உள்ளிட்ட சில புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்கலாம் என ஈகாப் 2009-இல் பரிந்துரைத்ததற்கு முக்கியக் காரணம், நோயாளியைவிட அவருடைய அண்ணன் தங்கை, பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பலன்தான். யாருக்குக் கொலோனோஸ்கோப்பி சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் நிறுவனமும் 2017-இல் இதையே சொன்னது.

படி 6: தீங்கையும் ஒப்புதலையும் தனியாக எழுதுங்கள்

பெரும்பாலும் நடுவயதில் மூளையைத் தாக்கும், குணப்படுத்த முடியாத ஹன்டிங்டன் நோய்க்கான மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் வரும் வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலானோர் இன்றும் டெஸ்ட் செய்துகொள்வதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை ஒப்புதல் படிவம் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் எதுவும் செய்ய முடியாத, பெரியவர்களாகும்போது வரும் நோய்களுக்குக் குழந்தைகளைச் சோதிப்பதில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறை.

அப்புறம், தேடாமல் கிடைப்பவை. முழு மரபணுத் தொகுதியைப் படித்தால் கேட்காத செய்திகளும் வரும். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-இல் தெரிவிக்க வேண்டிய 56 மரபணுக்களின் பட்டியலைப் போட்டது. அது இப்போது 80-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் கொள்கை என்ன என்பதை முதல் ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். காப்பீடு, வேலை விஷயத்தில் சட்டம் எவ்வளவு பாதுகாக்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் 2008 சட்டம்கூட மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும்தான் பாதுகாக்கிறது, ஆயுள் காப்பீட்டை அல்ல.

படி 7: உங்கள் இடத்தில் நடக்குமா?

காகிதத்தில் நல்ல டெஸ்ட், நேரத்துக்கு வராவிட்டால் பயனில்லை. பிறந்த குழந்தைக்குத் தொற்று என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாக வேண்டும். பல இடங்களில் அது ஜென்டாமைசின். எம்டி-ஆர்என்ஆர்1 என்ற மரபணுவில் ஒரு திரிபு உள்ள குழந்தைக்கு அந்த மருந்து செவித்திறனை நிரந்தரமாகப் பறிக்கலாம். இந்தத் தொடர்பு பல ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் ரிசல்ட் வரப் பல நாட்கள் ஆனதால் பச்சிளங்குழந்தை வார்டில் அந்த அறிவுக்கு உபயோகமே இல்லாமல் இருந்தது. மான்செஸ்டர், லிவர்பூல் மருத்துவமனைகளில் கன்னத்தின் உட்புறம் தடவி எடுத்த மாதிரியைக் கட்டிலருகே இருந்த சிறு மெஷினில் போட்டு 26 நிமிடத்தில் ரிசல்ட் பார்த்தார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நேரம் தள்ளிப்போகவில்லை என்று 2022-இல் வெளியான ஆய்வு சொன்னது. இங்கே மதிப்பு கூடியதற்குக் காரணம் மரபியல் அல்ல, வேகம்.

ரிசல்ட்டை விளக்கிச் சொல்ல ஆள் உண்டா, அடுத்த கட்டத்துக்கு இடம் உண்டா என்பதையும் எண்ணிக்கையோடு கேளுங்கள். லிஞ்ச் பரிசோதனையைத் தொடங்கிவிட்டு, கண்டுபிடித்த உறவினர்களைக் கொலோனோஸ்கோப்பிக்காக ஒரு வருடம் வரிசையில் நிற்கவைத்தால் பலன் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

படி 8: ஒரு டெஸ்டின் விலையைப் பார்க்காதீர்கள்

பார்க்க வேண்டியது, ஒரு கெட்ட விளைவைத் தவிர்க்க எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும் என்பது. பிரெடிக்ட்-1 எண்களின்படி 2.7 சதவீதம் பூஜ்யமாகிறது. அதாவது ஏறக்குறைய 37 பேரைச் சோதித்தால் ஓர் ஒவ்வாமை தவிர்க்கப்படும். 37 டெஸ்ட்களின் செலவை ஓர் ஒவ்வாமையின் செலவோடு ஒப்பிடலாம். அந்த ஆய்வில் சுமார் 5.6 சதவீதம் பேரிடம் திரிபு இருந்தது. உங்கள் மக்களிடம் அதில் பத்தில் ஒரு பங்குதான் என்றால் 370 பேரைச் சோதிக்க வேண்டியிருக்கும், கணக்கே மாறிவிடும். எச்எல்ஏ-பி*15:02 தென்கிழக்கு ஆசியாவில் சகஜம், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மிக அரிது. ஒரே டெஸ்ட் ஓரிடத்தில் அவசியமாகவும் இன்னோரிடத்தில் வீணாகவும் இருக்கலாம்.

செலவில் சேர்க்க வேண்டியவை: ஆலோசனை நேரம், உறுதிப்படுத்தும் டெஸ்ட், பொருள் தெரியாத ரிசல்ட்டால் கூடும் ஸ்கேன்கள். கழிக்க வேண்டியவை: இனித் தேவைப்படாத பழைய சோதனைகள். குடும்பத்தில் திரிபு தெரிந்துவிட்டால் உறவினர்களுக்கு அந்த ஒரு திரிபை மட்டும் பார்த்தால் போதும், செலவு வெகுவாகக் குறையும்.

படி 9: வரிசைப்படுத்துங்கள்

இதுவரை ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாகப் பார்த்தோம். இனி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

முதலில் வாசல். படி 2-இல் எந்த மாற்றமும் இல்லாதவை, படி 3-இல் லேப் நம்பகமில்லாதவை இரண்டும் வாசலிலேயே நிற்கட்டும். மதிப்பெண் போடும் இடத்துக்கு அவை வரக் கூடாது. இது முக்கியம், ஏனென்றால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ‘மலிவு, எளிது, நிறையப் பேருக்குப் பொருந்தும்’ என்ற மூன்று நல்ல மதிப்பெண்களைக் கொண்டு பயனே இல்லாத டெஸ்ட் மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

உள்ளே வந்தவற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள்: நோயின் கடுமை, நன்மையின் அளவு, ஆதாரத்தின் உறுதி, வேறு வழி இல்லாமை, பலன் பெறுவோர் எண்ணிக்கை, சமத்துவம், செலவுக்கேற்ற பலன். எதற்கு எவ்வளவு எடை என்பதை விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். திறந்த பிறகு முடிவு செய்தால், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த டெஸ்ட் ஜெயிக்கும்படி எடையைத் தள்ளுவார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, இயல்பாகவே அப்படி நடக்கும். விண்ணப்பித்த துறையின் டாக்டர் விளக்கம் சொல்லட்டும், மதிப்பெண் போட வேண்டாம். நோயாளிகள் தரப்பில் ஒருவர் குழுவில் இருக்கட்டும். ‘மூன்று வருடமாகக் காரணம் தெரியாமல் அலைந்தோம்’ என்பதன் கனத்தை மற்றவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் பெரும்பாலும் சண்டையில்லாமல் அமைந்துவிடும். அபாகாவிர், டிபிஒய்டி இரண்டும் திரிபு ஓரளவு காணப்படும் மக்களிடம் மேலே போகும். நோயில்லாதவருக்கு அல்சைமர் அபாயம் சொல்லும் ஏபிஓஇ கீழே போகும். பல நூறு சிறு திரிபுகளைக் கூட்டிச் சொல்லும் அபாய மதிப்பெண்களையும் இப்போதைக்கு நான் கீழேதான் வைப்பேன். ஒரு வம்சாவளியில் தயாரித்தது இன்னொன்றில் சரியாக வேலை செய்வதில்லை.

நடுவில்தான் உண்மையான வேலை. ஒருபக்கம் லிஞ்ச்: நிறையப் பேர், திடமான ஆதாரம், ஒவ்வொருவருக்கும் மிதமான நன்மை. மறுபக்கம், காரணம் தெரியாமல் தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு விரைவான முழு மரபணுத் தொகுதிச் சோதனை: சிலர்தான், செலவு அதிகம், ஆனால் பதில் கிடைத்த சில குழந்தைகளுக்கு ஒரே நாளில் சிகிச்சை மாறுகிறது. இதைக் கூட்டல் கணக்கு தீர்த்துவைக்காது. எடைகளைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் ஒன்றே மேலே நின்றால் சரி. மாற்றும்போதெல்லாம் இடம் மாறினால், அது மதிப்பீடு சார்ந்த தேர்வு என்று வெளிப்படையாக எழுதி, குழு பேசி முடிவெடுக்க வேண்டும். தசம புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

முடிவு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ‘இன்னாருக்கு மட்டும்’, ‘ஆய்வுக்குள் மட்டும்’, ‘இந்த ஆதாரம் வந்தால் மறுபடி கொண்டுவாருங்கள்’ என்பவையும் முடிவுகள்தான். மறுக்கும்போது காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அதே விண்ணப்பம் அதே ஓட்டைகளோடு வராது.

படி 10: மறுபடி எப்போது பார்ப்பது என்று இன்றே எழுதுங்கள்

இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று தேதி போடுவது ஒரு வழி. அதைவிட, என்ன நடந்தால் உடனே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது நல்லது. புதிய சிகிச்சை வருவது அதில் முதன்மை. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு நுசினெர்சென் 2016 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018-இல் அந்த நோய், அங்கே பிறந்த குழந்தைகளிடம் சோதிக்க வேண்டிய நோய்களின் தேசியப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்தது. மரபணு பழையதுதான், அதற்கு மருந்து வந்துவிட்டது. ஏபிஓஇ-யும் அப்படித்தான். அல்சைமருக்கான லெக்கானெமாப் 2023-இல் முழு அனுமதி பெற்றபோது, ஏபிஓஇ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு மூளை வீக்கம், ரத்தக்கசிவு அபாயம் கூடுதல் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வந்தது. ஆரோக்கியமானவருக்குக் கீழே வைத்த அதே டெஸ்ட், அந்த மருந்தைத் தொடங்கவிருக்கும் நோயாளிக்கு இன்று தனி விண்ணப்பம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். வார்ஃபரினுக்குப் பதில் வேறு மருந்துகள் பரவியதும் அதன் டோஸ் டெஸ்டுக்கு இருந்த தேவையே சுருங்கியது. பட்டியலில் சேர்க்க ஒரு படிவம் இருந்தால் நீக்கவும் ஒன்று இருக்கட்டும். நீக்குவதற்கு யாரும் விண்ணப்பிக்கமாட்டார்கள் என்பதால் அதைக் குழுவே ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சேர்த்த டெஸ்ட்களுக்கு நான்கு எண்களைத் தொடர்ந்து வாங்குங்கள்: ரிசல்ட் வர ஆன நாட்கள், பொருள் தெரியாத ரிசல்ட்டின் சதவீதம், ரிசல்ட்டுக்குப் பின் சிகிச்சை உண்மையிலேயே மாறியவர்கள், டெஸ்டுக்கு வந்த உறவினர்கள். இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. இன்று பொருள் தெரியாததாக இருக்கும் திரிபு சில வருடத்தில் நோய்தருவது என்றோ தீங்கற்றது என்றோ மாறும். அப்போது நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்லப்போவது லேபா, டெஸ்ட் எழுதிக்கொடுத்த டாக்டரா, மரபியல் பிரிவா? அந்தப் பொறுப்பு யாருடையது என்பது டெஸ்டைச் சேர்க்கும் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயாளியிடம் கொடுக்கும் ரிப்போர்ட்டிலும், இரண்டு வருடம் கழித்து யாரிடம் கேட்கலாம் என்று ஒரு வரி இருக்கட்டும்.